லார்டு பட்டம் விலைக்கு வாங்கலாமா?

(சந்தாபுராவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)

லண்டனில் வேலை பார்க்கும் என் மருமான், "மாமா, ஒரு மேனரின் லார்டு பட்டம் விலைக்கு வருகிறது, வாங்கலாமா?" என்று கேட்டான். பணம் போடப்போவது அத்திம்பேர், ஓய்வுபெற்றபோது வந்த தொகையிலிருந்து. அதனால்தான் விசாரித்தேன்.

மேனர் என்பது இங்கிலாந்தின் ஜமீன் மாதிரி. அதன் லார்டுக்குக் கட்டுப்பட்டுக் குடிகள் நிலம் வைத்திருந்த முறை 1926 ஜனவரி 1-ல் ஒழிந்தது. இன்று விலைக்கு வருவது பெரும்பாலும் பெயர் மட்டுமே. பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. பெயருக்கு முன்னால் 'லார்டு' போட்டுக்கொள்ளவும் முடியாது. 'இன்ன மேனரின் லார்டு' என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். 2003 அக்டோபர் 13 முதல் அந்நாட்டு நிலப் பதிவேட்டில் இப்பட்டங்களைப் புதிதாகப் பதியவும் வழியில்லை. முன்பே பதிவாகாதது என்றால் பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும்.

நமக்கு இது புதிதா என்ன? தஞ்சாவூரில் மிராசுப் பங்கை விற்றார்கள், வாங்கினார்கள். ஆனால் அதில் நெல் வந்தது! பழைய மைசூரில், குறைந்த வரி கட்டி இனாம் கிராமங்களை அனுபவித்த ஜோடிதார்களின் உரிமையை 1954-ம் வருஷச் சட்டம் எடுத்துக்கொண்டது. அதற்கப்புறமும் என் பாட்டனார் கல்யாணப் பத்திரிகையில் 'ஜோடிதார்' என்றே அச்சடித்தார். அந்தப் பெயருக்கு யாரும் காசு கேட்கவில்லை.

மருமானிடம் பத்திர நகல் கேட்டு மூன்று மாதமாகிறது. தரகர் இதுவரை அனுப்பியது, கேடயம் வரைந்த ஒரு சான்றிதழின் படம்தான். அத்திம்பேரின் செக் என் பீரோவில் இருக்கிறது.