ரயில் வராத வருஷங்கள்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ரயில், சாலை, ஆகாயம், நீர் என்று நான்கு வழிப் போக்குவரத்தின் வளர்ச்சியையும் பதினைந்து நிமிஷத்தில் பேசிடுப்பா" என்று செயலாளர் போனில் சொன்னார். நான் தண்டவாளம் போடுகிற வேலையில் இருப்பவன். ஆகவே ரயிலுக்குத்தான் பச்சை விளக்கு. மற்ற மூன்றும் கிராசிங்கில் நிற்கட்டும்.

நம் பக்கத்தில் போக்குவரத்து தொடங்கியது தண்ணீரில்தான். 1690-இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியதே கடலை நம்பி. வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. அங்கே 1830-இல் ஹீத் என்பவர் இரும்பு உருக்காலை தொடங்கினார். தாது சேலம் பக்கத்திலிருந்து வந்தது. கடலூர் துறைமுகத்திலோ பெரிய கப்பல் கரைக்கு வராது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் மறுபடியும் தூக்க வேண்டும். ஒரே மூட்டைக்கு இரண்டு கூலி!

1870-களில் மீட்டர் கேஜ் பாதை வந்தது. சென்னையிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு. 'மெயின் லைன்' என்று பெயரே நமக்குத்தான். பிறகு 1920-களின் கடைசியில் விருத்தாசலம் வழியாகக் கார்டு லைன் போட்டார்கள். திருச்சிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். தெற்கே போகிற ரயில்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பின. பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2006 ஜூலையில் இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் துறைமுகம் சந்திப்பு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, அப்புறம் சிதம்பரம். பரங்கிப்பேட்டையில் என் வகுப்பு நண்பன் ஏறுவான். அதே வண்டியில் அவன் அம்மா மீன் கூடையோடு ஏறுவார்கள். பையன் ஒரு பெட்டி, அம்மா ஒரு பெட்டி. "புத்தகத்துல மீன் வாடை வந்துடும்டா" என்று அவர்களே தள்ளி உட்காருவார்கள்.

அந்த டிசம்பரில் விழுப்புரம் – மயிலாடுதுறை பாதையை, 122 கிலோமீட்டரை, அகலப்பாதை வேலைக்காக மூடினார்கள். நாங்கள் பஸ்ஸுக்கு மாறினோம். அம்மாவை பஸ்ஸில் ஏற்றவில்லை. "கூடையை இறக்கும்மா, மத்தவங்க சண்டைக்கு வர்றாங்க" என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். அவர் மேலேயும் தப்பில்லை, கூட்டம் அப்படி. நாலு பேர் சேர்ந்து ஆட்டோ பிடித்தார்கள். லாபத்தில் பாதி அதற்கே போச்சு. மூன்றாம் வருஷம் நண்பன் சனி, ஞாயிறு செல்போன் கடையில் வேலைக்குப் போனான். அரியர் விழுந்தது.

1000 மில்லிமீட்டர் இருந்ததை 1676 ஆக்கணும், அவ்வளவுதானே? இரண்டு தண்டவாளத்தை இரண்டடி தள்ளி வைக்க இத்தனை வருஷமா என்று நானும் அன்று டீக்கடையில் கத்தியிருக்கிறேன். வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. மீட்டர் கேஜ் எஞ்சினின் ஓர் அச்சு சுமார் 12 டன் சுமக்கும். அகலப்பாதையில் 20 டன்னுக்கு மேல். பழைய பாலம் அதைத் தாங்காது. நம் பக்கம் முழுக்க ஆறும் ஓடையும் வாய்க்காலும். வெள்ளாறு, கொள்ளிடம் இரண்டும் இந்தப் பாதையில்தான். களிமண் மேட்டை அகலப்படுத்தினால் அது இறுகக் காலம் வேண்டும். ஒரு மழைக்காலம் போனால் மறுபடி பார்க்கணும். தாமதத்துக்கு எல்லாம் மண்ணே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மண்ணுக்கும் அதில் பங்கு உண்டு.

2010 ஏப்ரலில் பயணிகள் ரயில் மறுபடி வந்தது. எங்களுக்குக் கடைசி செமஸ்டர். முதல் வாரமே ஏறிப் பார்த்தேன். பெட்டி புதுசு, ஆட்டமே இல்லை. பரங்கிப்பேட்டையில் நண்பன் ஏறினான். அம்மா வரவில்லை. வியாபாரத்தை விட்டுவிட்டு இறால் கம்பெனிக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பாதையை மூடுவதற்கு எஸ்டிமேட் போட்டவர்கள் கணக்கில் அந்தக் கூடை எந்தத் தலைப்பில் வரும்? இதுவரை எனக்குத் தெரியவில்லை.

சாலை வளர்ந்திருக்கிறது. 45-ஏ என்று நாம் சொன்ன நெடுஞ்சாலை இன்று 32. நான்கு வழி ஆகிறது. ஆகாயம் என்றால் நமக்கு நெய்வேலி ஓடுதளம். 2017-இல் உடான் திட்டப் பட்டியலில் பெயர் வந்தது. அதற்கப்புறம் பல வருஷம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தோம், கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

கார்டு லைன் இரட்டைப்பாதை ஆகிவிட்டது. நம் மெயின் லைன் ஒற்றைத் தடம்தான். இரட்டையாக்கச் சொல்லிக் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். அந்த வேலை வந்தால் வண்டிகளை நிறுத்துவார்கள். தம்பிகளே, இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் இருந்தால், ஆலப்பாக்கம் முதல் கிள்ளை வரை நாலு ஸ்டேஷனிலும் ஒரு வாரம் நின்று எண்ணுங்கள். யார் ஏறுகிறார்கள், கையில் என்ன, வண்டி நின்றால் எதில் போவார்கள்? படிவம் நானே தயார் பண்ணிக் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் வாங்கிக்கொள்ளலாம்.