ஒரே மூட்டை, இரண்டு ஈரப்பதம்

நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன ஆலை ஒன்றுக்கு 10 டன் மக்காச்சோளம் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரப்பதம் 12 சதவீதம் என்கிறது ஓர் ஆய்வுக்கூடம். 13 என்கிறது இன்னொன்று. ஒரு சதவீதம்தானே என்று விட்டுவிட முடியாது. 10 டன்னில் அது 100 கிலோ தண்ணீர், அதுவும் மக்காச்சோள விலைக்கு வாங்கிய தண்ணீர். புரதத்தையும் நார்ச்சத்தையும் உலர் எடைக்குக் கணக்கிடும்போது இந்த வித்தியாசம் அந்த எண்களிலும் ஏறிவிடுகிறது. யாரோ தப்பாக அளந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இருவருமே தத்தம் முறையைப் பிசகாமல் செய்திருக்கலாம்.

ஏனென்றால் ஓவன் தண்ணீரை அளப்பதில்லை. சூட்டில் எவ்வளவு எடை குறைந்தது என்பதையே காட்டுகிறது. 135 டிகிரியில் 2 மணி நேரம் என்பது ஒரு முறை. 103 டிகிரியில் 4 மணி நேரம் என்பது இன்னொன்று. இரண்டும் உலகம் ஏற்றுக்கொண்டவை. மொலாசஸ் கலந்த தீவனத்தில் அதிகச் சூடு பட்டால் சர்க்கரையே சிதைந்து எடை இழக்கும். புளிக்கவைத்த பசுந்தீவனமான சைலேஜில் அமிலமும் ஆல்கஹாலும் அம்மோனியாவும் ஆவியாகிப் போகும். எல்லாம் ஈரப்பதக் கணக்கில்தான் விழும். கைப்பழக்கமும் சேர்ந்துகொள்கிறது: அரைக்கும்போதே கொஞ்சம் ஈரம் பறந்துவிடும், தட்டை ஆறவிடாமல் தராசில் வைத்தால் மேலெழும் சூடான காற்று எடையைக் குறைத்துக் காட்டும், பாதியில் ஓவனைத் திறந்து ஈரமான மாதிரியை உள்ளே தள்ளினால், ஏற்கெனவே காய்ந்தது மறுபடி ஈரம் இழுக்கும்.

தண்ணீரை மட்டும் அளக்கும் கார்ல் ஃபிஷர் முறை 1935-லேயே வந்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதற்குச் செலவு அதிகம், மாதிரியோ துளியளவு. ஒரு லாரிச் சரக்குக்கு அது எப்படி ஈடாகும்? சரி, கையடக்க மீட்டர்? அது தானியத்தின் மின்தன்மையை அளந்து ஈரப்பதமாக மாற்றிச் சொல்வது. ஏதோ ஓர் ஓவன் முறையை வைத்துத்தான் அதையே சரிசெய்திருப்பார்கள். அப்படியானால் எல்லோரும் ஒரே ஓவன் முறையைப் பின்பற்றலாமே என்றால், இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு: எல்லா ஆய்வுக்கூடமும் ஒரே மாதிரித் தவறினால் அந்த ஒற்றுமையால் என்ன பயன்? தானிய வியாபாரத்துக்கு அது போதும் என்பேன். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பிழை ஒரே பக்கம்தான் சாய்கிறது. சைலேஜுக்குப் போதாது, அங்கே மாட்டுக்குச் சேரவேண்டிய சத்தையே தண்ணீர் என்று கழித்துவிடுகிறோம்.

கலப்பு மாட்டுத்தீவனத்தில் ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எந்த முறையில் சோதிப்பது என்பதும் தரத்தின் ஒரு பகுதிதான். ஆகவே 11.4 என்று அறிக்கை வந்தால், சரக்கைத் திருப்பி அனுப்பும் முன், எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் உலர்த்தினீர்கள் என்று ஆய்வுக்கூடத்தைக் கேளுங்கள்.