எலுமிச்சம்பழமும் சயரோகமும்
(பூவிருந்தவல்லியில் பேசியது)



ஆயுத பூஜையன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிச் சக்கரங்களில் நசுங்குகிற எலுமிச்சம்பழங்களை ஒன்று சேர்த்தால் ஆவடி ஜனங்கள் அவ்வளவு பேருக்கும் பானகம் கரைத்துவிடலாம். போகட்டும், அதில் காசுதான் நஷ்டம். ஆனால் இரத்தமாய் இருமுகிறவன் தலையைச் சுற்றி அதே பழத்தை அறுத்து, "இது காத்துக் கருப்பு, மாத்திரையை நிறுத்து" என்று ஒருவன் சொல்லுகிறானே, அங்கே போவது உயிரல்லவா? ஆகவே அந்தப் பழத்துக்குள் என்ன இருக்கிறது என்பதையே நாம் இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

அதன் புளிப்புக்குச் சிட்ரிக் அமிலம் என்று பெயர். அதில் கரியணு 6, ஹைட்ரஜன் 8, ஆக்ஸிஜன் 7. இந்த எண்ணிக்கை ஒன்றும் மாறாமல், ஒரு சிறு துண்டு மட்டும் பக்கத்துக் கரியணுவுக்கு நகர்ந்தால் அது ஐசோசிட்ரிக் அமிலமாகிவிடும். ஒரே வீட்டார் திண்ணையில் இடம் மாறி உட்கார்ந்த மாதிரிதான். இதற்கும் நான்கு வடிவங்கள் உண்டு. உடம்பு கையாளுவதோ ஒன்றே ஒன்று. தின்ற சோறு உள்ளே எரிந்து சக்தியாகும் வழியில் சிட்ரிக் அமிலம் இப்படி மாறியே தீரவேண்டும். கிரெப்ஸ் என்பவர் 1937-ல் இவ்வழியை வெளியிட்டார்.

சயரோகக் கிருமிக்கும் இந்த வழி உண்டு. ஆனால் ஐசோசிட்ரிக் அமிலத்தண்டை வந்ததும் அதற்கு ஒரு கிளைப் பாதை இருக்கிறது. அவ்வமிலத்தை இரண்டாக அறுக்கும் ஒரு என்சைம் அதனிடம் உண்டு, நம்மிடம் இல்லை. அதைக்கொண்டு அது நம் கொழுப்பைத் தின்றே உடம்பு வளர்க்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் கிருமிச் சாற்றில் இந்த அமிலத்தை விட்டு, எவ்வளவு அறுபடுகிறது என்று அளந்து பார்க்கிறார்கள்.

இவ்வகை என்சைம்கள் கிருமியிடம் இரண்டு. ஒன்றை நீக்கி எலிகளுக்கு ஏற்றியபோது முதலில் வழக்கம்போல் பெருகிய கிருமி, பிறகு நிலைத்திருக்க முடியாமல் குறைந்தது. இது 2000-ல் வெளிவந்தது. இரண்டையும் நீக்கியதும் எலியின் நுரையீரலை விட்டே ஒழிந்தது, அது 2005-ல். இந்த என்சைமைத் தடுக்கும் மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. அதுவரை கையிலிருப்பதைத்தான் தின்னவேண்டும்.

ஏன் ஆறு மாதம் என்று கேட்கிறீர்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, உடம்பும் தேறிவிடுகிறது. உள்ளே ஒளிந்த கிருமியோ சாகவில்லை. நிறுத்தினால் திரும்புகிறது, சிலருக்கு மருந்துக்கே அடங்காததாய்த் திரும்புகிறது.

ஏழைக்கு இதெல்லாம் எப்படி என்பீர்கள். சென்னையில் 1956-ல் ஏற்பட்ட சயரோக ஆராய்ச்சி நிலையத்தார், நெருக்கடியான வீடுகளில் அரை வயிற்றுக் கஞ்சியோடு மருந்து தின்றவர்களும் சானடோரியத்தில் படுத்தவர்களைப்போலவே குணமடைந்தார்கள் என்று 1959-ல் காட்டி, உலகத்தின் வைத்திய முறையையே மாற்றினார்கள். எந்தக் கோயில் எலுமிச்சம்பழம் இதைச் செய்தது?

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காலையில் எழுந்ததும் வரும் சளியைப் பக்கத்து அரசாங்க வைத்தியசாலையில் கொடுங்கள். சோதனைக்கும் மருந்துக்கும் காசில்லை. எலுமிச்சம்பழத்தை வீட்டில் ஊறுகாய் போடச் சொல்லுங்கள்.