பம்பாய் பிளேக்கும் அச்சு அசலாப் பொருந்தின கோடும்

கொரோனா நேரத்துல 'கர்வ்', 'ஆர் நாட்'னு தினமும் டிவியில கேட்டோம் இல்லையா? அந்தக் கணக்குல பெரும்பகுதி 1927-ல எடின்பரோவில் வேலை பார்த்த ரெண்டு பேர் எழுதின ஒரு கட்டுரையில இருக்கு. ஒருத்தர் மெக்கென்ட்ரிக். டாக்டர், இந்தியாவுல பல வருஷம் வேலை பார்த்தவர். இன்னொருத்தர் கெர்மாக், வேதியியலாளர். 1924-ல ஆய்வகத்துல நடந்த வெடிவிபத்துல, 26 வயசுல ரெண்டு கண்ணும் போயிடுச்சு. அதுக்கப்புறம் செஞ்ச வேலை இது!

ஊரை மூணு கூட்டமா நினைச்சுக்கங்க. நோய் இன்னும் வராதவங்க, இப்ப நோயோட இருக்கறவங்க, குணமாகியோ இறந்தோ கணக்கைவிட்டு விலகினவங்க. முதல் ரெண்டு கூட்டமும் எவ்வளவு பெருசோ அவ்வளவு வேகமா நோய் பரவும்.

ஒரு கொள்ளைநோய் ஏன் தானா நிக்குது? எல்லாருக்கும் வந்து முடிஞ்சிருக்கணும், இல்லேன்னா கிருமி வீரியம் இழந்திருக்கணும்னுதான் நினைச்சிட்டிருந்தாங்க. ரெண்டுமே அவசியமில்லைன்னு இவங்க காட்டினாங்க. தொடக்கத்துல ஒரு நோயாளி ரெண்டு பேருக்குக் கொடுக்கறார்னு வச்சுக்குவோம். நோய் வராதவங்க பாதியாக் குறைஞ்சதும், அதே நோயாளியால ஒருத்தருக்குத்தான் கொடுக்க முடியும். அதுக்குக் கீழ போனா அலை இறங்கிடும். ஊர்ல நோயே தொடாதவங்க இன்னும் மிச்சம் இருப்பாங்க. என்னைக் கேட்டா, மொத்தக் கட்டுரையிலயும் அழகான இடம் இதுதான்.

இதைப் பொருத்திப் பார்க்க அவங்க எடுத்தது பம்பாய் பிளேக். 1905 டிசம்பர் 17-ல இருந்து 1906 ஜூலை 21 வரைக்கும், வாராவாரம் எத்தனை சாவு. அந்தப் புள்ளிகள் மேல இவங்க கோடு மணி மாதிரி ஏறி இறங்கி அச்சு அசலா உட்காருது. இன்னைக்கும் பாடப்புத்தகங்கள்ல வர்ற படம் அது.

ஆனா பாருங்க, பம்பாய்ல பிளேக் பரவினது எலியாலயும் தெள்ளுப்பூச்சியாலயும். எலி செத்ததும் அதோட மேல இருந்த தெள்ளு மனுஷனைக் கடிக்கும். இது அவங்களுக்கும் தெரியும். மனுஷனுக்கு வர்ற பிளேக், எலிகள் நடுவுல பரவுற பிளேக்கோட நிழல்னு எடுத்துக்கிட்டுத்தான் கணக்குப் போட்டாங்க. இது தோராயம்தான்னும் எழுதியிருக்காங்க. படத்தை நகல் எடுத்தவங்க அந்த வரியை விட்டுட்டாங்க, வழக்கம்போல.

இன்னொரு சிக்கல் பருவம். 1896-ல பம்பாய்ல தொடங்கின பிளேக், வருஷாவருஷம் குளிர்காலத்துல ஏறி, வெயிலும் மழையும் வந்தா இறங்கிட்டிருந்துச்சு. நிக்கோலா பக்காயெர்ங்கற பிரெஞ்சு கணிதவியலாளர் 2012-ல இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பருவத்தைச் சேர்க்காம இந்த ஏற்ற இறக்கத்தை விளக்க முடியாதுன்னு காட்டினார்.

இப்ப 1906 ஜூலையில நீங்க பம்பாய் சுகாதார அதிகாரின்னு வச்சுக்கங்க. சாவு குறைஞ்சிட்டே வருது. கெர்மாக் கோட்டை நம்பினா, நோய் தன் வேலையை முடிச்சிருச்சு, ஆட்களை வீட்டுக்கு அனுப்பலாம். பருவம்தான் காரணம்னா, எலி ஒழிப்பை இப்பவே ஆரம்பிக்கணும், கையில இருக்கறது அஞ்சாறு மாசம்தான். ரெண்டு விளக்கத்துக்கும் அந்த ஒரே கோடு பொருந்தும்.

1907-லயும் பம்பாய்க்கு பிளேக் வந்துச்சு. அதுக்கடுத்த வருஷமும்.