கிண்ணம் போன தூரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எஞ்சினியரைப் பேசக் கூப்பிட்டால் பாலம், கான்கிரீட் என்று ஏதாவது சொல்வான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் குழம்பைப் பற்றிப் பேசப் போகிறேன். செயலாளர் அண்ணன் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். பயப்படாதீங்க அண்ணே, சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவேன்.

எனக்கு உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமம். ஏரிப் பாசனம். காலை பத்து மணிக்கு எங்கள் தெருக் குழாயடியில் நடக்கும் முதல் விசாரணையே, "இன்னா கொழம்பு இன்னிக்கு?" என்பதுதான். மதியத்துக்குள் அந்தக் குழம்பு ஒரு கிண்ணத்தில் நாலு வீடு போய்விடும். கிண்ணத்தைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது. ஒரு பிடி கீரையாவது, ரெண்டு பச்சை மிளகாயாவது போட்டுத்தான் வரும். கூடவே விமரிசனமும் வரும். "புளி தூக்கலா இருக்குது, வெந்தயம் கருகிப் போச்சு." எங்கம்மா முகம் சுருங்கும். ஆனால் அடுத்த வாரம் வெந்தயம் கருகாது. நாங்கள் கம்பெனியில் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்கிற தரக் கட்டுப்பாடு எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இப்படிச் சொல்லியும் கேட்டும் வந்த சமையல்தான் ஒருமுறை புத்தகமாகவே வந்தது. 'சமைத்துப் பார்' எழுதிய எஸ். மீனாட்சி அம்மாளை இங்கே இருக்கும் அம்மாக்களுக்குத் தெரியும். சொந்தக்காரப் பெண்கள் இது எப்படி, அது எப்படி என்று கேட்டுக் கேட்டு எழுத, அவரும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். உறவுப் பெரியவரான கே.வி. கிருஷ்ணசாமி அய்யர் புத்தகமாகப் போடச் சொல்லித் தூண்டினார். 1951-ல் புத்தகம் வந்தது. எத்தனை மிளகாய், எவ்வளவு பருப்பு என்று கணக்காக எழுதியிருப்பார். கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் கையோடு கொண்டு போனார்கள். என் மனைவியும் வைத்திருக்கிறாள். சுத்த சைவம். எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கு அதில் வழியில்லை.

அந்தக் கருவாட்டுக் குழம்பை எங்கம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது, கூட நடவு நட வந்த ஒரு அக்கா. கருவாட்டைக் கழுநீரில் ஊறப்போட்டுக் கழுவணும். கத்திரிக்காயும் மொச்சையும் வெந்த பிறகுதான் போடணும், இல்லாவிட்டால் கரைந்து போகும். கருவாட்டிலேயே உப்பு இருப்பதால் கடைசியில் ருசி பார்த்துத்தான் உப்புப் போடணும். எல்லாம் வரப்பில் உட்கார்ந்து சொன்னது. அந்த அக்காவுக்கு வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியில். பேச்சு வாய்க்காலைத் தாண்டி வந்துவிட்டது. கிண்ணம் தாண்டியதில்லை. சின்ன வயசில் எனக்கு அது ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் உத்திரமேரூருக்குக் கல்வெட்டால் பெருமை. சுமார் 920-ல், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பிரம்மதேய ஊர்ச் சபைக்குக் குடவோலை போட்டு ஆள் எடுத்த விதி அதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மார்தட்டிப் படித்தோம். அதே கல்வெட்டில் யார் பெயரை எழுதக் கூடாது என்று ஒரு பட்டியலும் உண்டு. சேரக் கூடாதவரோடு சேர்ந்தவன் பரிகாரம் செய்கிற வரைக்கும் குடத்தில் அவன் ஓலை விழாது. இதை எங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. நானே பெரியவனான பிறகு படித்தேன்.

2006-ல் இங்கே ஹாஸ்டலுக்கு வந்தேன். மெஸ் சாம்பாரைப் பற்றிப் பேச வேண்டாம், அந்தக் கால வார்டன் முன்வரிசையில் இருக்கிறார். என் அறைத் தோழன் வேறு மாவட்டத்துக்காரன், அவன் வீடும் காலனியில்தான். அவங்கம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலில் கருவாட்டுத் தொக்கு கொடுத்துவிடுவார்கள். நாலு பேரும் வழித்துச் சாப்பிடுவோம். ஒருமுறை லீவுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போனேன். யார் வீட்டுத் தொக்கு என்று சொல்லித்தான் கொடுத்தேன். அம்மா தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "பூண்டு இன்னும் வதங்கணும்னு அவங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். பாட்டிலைக் கழுவி நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நார்த்தங்காயில கசப்பு போகலியே" என்று அங்கிருந்து பதில் வந்தது. 2010 வரைக்கும் அந்த ஒரே பாட்டில் போய்ப் போய் வந்தது. இரண்டு அம்மாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததே பட்டமளிப்பு விழாவில்தான். பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, கருவாடு எந்தச் சந்தையில் வாங்குறீங்க என்பது.

அதன் பிறகும் எங்கள் ஊர் வாய்க்கால் அப்படியேதான் இருந்தது. போன ஆடிக்குக் கூழ் வார்க்கப் போயிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன், "எங்கியோ இருக்கிறவங்களுக்கு அனுப்பினியே, அந்த அக்காவுக்கு ஏம்மா அனுப்பலை?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "இத்தினி வருசம் கழிச்சு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அனுப்புறது, நீயே எடுத்துக்கினு போ" என்றார்.

போனேன். அக்காவுக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. கிண்ணத்தை வாங்கித் தொட்டுப் பார்த்தார். "இன்னமும் கருவாட்ட முன்னாலியே போட்டுடறா உங்கம்மா" என்றார்.

மூன்றாம் நாள், பேரன் கையில் கிண்ணம் திரும்பி வந்தது, மொச்சைக் குழம்போடு. அம்மா சாதத்தில் ஊற்றிச் சாப்பிட்டார். உப்புச் சரியாக இருக்கிறது என்றார். அப்பா அன்றைக்கு ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். அடுத்த கிண்ணத்துக்கு என்ன செய்வது என்று அம்மா யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

பந்தி தயார் என்று செயலாளர் அண்ணன் சைகை காட்டுகிறார்.