முதுமையில் ஓட்டுநர் உரிமம்

மாணவ நண்பர்களே,

அகவை முதிர்ந்தபின் ஒருவர் வாகனம் ஓட்டக் கற்று உரிமம் பெறலாமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இது முதியோர்க்குரிய பேச்சாயிற்றே, நமக்கென்ன என்று நீங்கள் கருதலாம். உங்கள் இல்லத்திலேயே தாயோ பாட்டனாரோ இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, பிறர் நகைப்பரோ என்று வாய் திறவாமல் இருக்கக்கூடும். அன்றியும், இதற்கு விடை தேடுங்கால் இளைஞர் அறிய வேண்டிய செய்தியும் ஒன்று புலப்படும்.

வில்லியனூரில் வாழும் எனக்கு இஃது ஏட்டுக் கேள்வியன்று. நான் அறுபதைக் கடந்தவன். மிதிவண்டியும் பேருந்துமாகவே என் பணிக்காலம் கழிந்தது. புதுவைக்குச் செல்லப் பகலில் பேருந்துகள் உண்டு. ஆயினும் பெருஞ்சாலையினின்று விலகிய சிற்றூர்களுக்குச் செல்வதற்கும், மருந்து வாங்கி வருவதற்கும், வங்கிக்குச் சென்று மீள்வதற்கும் பிறர் துணையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. மக்கள் வேற்றூரில் பணியாற்ற, முதியோர் இருவரே தனித்திருக்கும் வீடுகளில் இத்துன்பம் மிகுதி.

காலங்கடந்து கற்றல் புதுமையன்று. 1954 வரை புதுவையை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் தலைநகரான பாரிஸிலே, மோட்டார் வண்டி ஓட்டுவோர் சான்றிதழ் பெற வேண்டும் என்ற ஆணை 1893ஆம் ஆண்டிலேயே பிறந்தது. அந்நாட்டில் ஓட்டுநர் தேர்வில் தேறிய முதற்பெண்மணி எனப் போற்றப்படும் உசேஸ் கோமகள் 1847இல் பிறந்தவர். தேர்வில் தேறியது 1898இல். அப்பொழுது அவருக்கு அகவை 51! அதே ஆண்டில் வரம்பு மீறிய வேகத்திற்காகத் தண்டமும் செலுத்தினார் என்பது சுவையான செய்தி. ஆகவே, சான்றிதழ் பெற்றதனாலேயே அடக்கம் வந்துவிடாது என்பதும் அன்றே தெளிவாயிற்று.

கோமகளின் செய்தி தொலைவிலுள்ளது என்பீராயின், நம் அண்டை மாநிலத்துப் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அம்முயற்சிக்கு ஊக்கமளித்தார். கூலிவேலை செய்வோரும் குழந்தை பெற்ற தாய்மாரும் ஊரார் ஏளனத்தைப் பொருட்படுத்தாது கற்றனர். ஆண்கள் ஓட்டும் மிதிவண்டியின் குறுக்குத் தண்டில் குழந்தையை அமர்த்தலாம் என்று அதனையே விரும்பினோரும் உண்டு. பேருந்துக்குக் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு மீண்டது. அவர்களைத் தூண்டியது வீம்பன்று, தேவை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் உரிமம் பெறுதற்குக் கீழெல்லை வகுத்திருக்கிறதேயன்றி, அகவைக்கு மேலெல்லை வகுக்கவில்லை. சாலைக்குறிகளைப் பற்றிய தேர்வில் தேறினால் ஆறு மாதத்திற்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். முப்பது நாள் கடந்தபின் ஓட்டிக்காட்டித் தேறல் வேண்டும். நாற்பதைக் கடந்தோர் மருத்துவச் சான்றும் அளிக்க வேண்டும். ஐம்பத்தைந்தைக் கடந்தபின் பெறும் உரிமம் ஐந்தாண்டுகளுக்கே செல்லும். சட்டம் முதியவரைத் தடுப்பதில்லை. அவ்வப்பொழுது நிறுத்தி, ‘இன்னும் இயலுமா?’ என்று வினவுகிறது.

அவ்வினாவை நம்மை நாமே கேட்டுக்கொள்வது சாலச் சிறந்தது. திருவள்ளுவர் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தாரல்லரோ? கண்ணில் புரை படர்ந்தால் எதிர்வரும் விளக்கொளி கூசும். கழுத்துத் திரும்ப மறுக்கும். கண்டதை உணர்ந்து கை தடையை அழுத்துவதற்குள் ஒரு கணம் கூடுதலாகும். சில மருந்துகள் உறக்கம் வருவிக்கும். இங்கே ஒரு முரண் இருக்கிறது. ‘நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால்?’ என்ற அச்சமே முதியோர் பலரை உரிமம் நாடத் தூண்டுகிறது. ஆனால் இருளும் பதற்றமும் கூடிய அந்த வேளையே, புதிதாகப் பழகிய முதியவர் ஓட்டத் தகாத வேளை. அதற்கு 108 ஊர்தியை அழைப்பதே அறிவுடைமை. எனவே, உரிமம் பகற்பொழுதின் சிறு தேவைகளுக்கு, இரவின் பேரிடர்க்கன்று.

இவ்வாறெல்லாம் எண்ணி நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். முதலில் கண் மருத்துவரிடம் செல்வேன். அவர் தகாது என்றால் அத்துடன் நிற்பேன். தகும் என்றால், கியர் இல்லாத ஸ்கூட்டருக்குப் பழகுநர் உரிமம் கேட்பேன். பல்லாண்டுகள் தேர்வு நடத்திய நான், இனி ஒரு தேர்வு எழுதப்போகிறேன். வண்டியின் வெண்பலகையில் செந்நிற ‘எல்’ எழுத்து இருக்கும். அதைக் கண்டு என் பழைய மாணவர் முறுவலித்தால் நானும் முறுவலிப்பேன்.

நண்பர்களே, இனி உங்களுக்குரிய செய்தி. அறுபது கடந்தவன் உரிமத்திற்காகக் காத்திருக்க, பதினாறு அகவையினர் சிலர் தந்தையின் வண்டியை எடுத்துக்கொண்டு பறக்கின்றனர். 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அகவை நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றமிழைத்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. அச்சிறுவர் 25 அகவை நிரம்பும்வரை உரிமம் பெறவும் இயலாது. சட்டத்திற்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. சாலையில் எதிரே நடந்து வருபவர் உம் தாயை ஒத்த ஒருவர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டு முதியவர் ஒருவர் வாகனம் பழக விரும்பினால் நகையாதீர்கள். கண்மூடி ஊக்குவிக்கவும் வேண்டா. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாலைக்குறிகளை அவருடன் அமர்ந்து படியுங்கள். உங்கள் தேர்வுக்கும் அது பயன்படும்.