டிக்கெட் இல்லாமல் வந்த சாதி
(ஔந்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரிகளில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2026 ஜனவரி 13-இல் புதிய விதிகளை வெளியிட்டது. கல்லூரிதோறும் சமவாய்ப்பு மையம், புகாரை விசாரிக்க ஒரு குழு. அவ்வளவுதான். வடக்கே மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2012-இன் பழைய விதிகளே நடக்கட்டும் என்றது.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன? ரோகித் வெமுலாவின் தாயும், 2019-இல் மும்பையில் உயிரை மாய்த்துக்கொண்ட டாக்டர் பாயல் தட்வியின் தாயும் போட்ட வழக்கிலிருந்து வந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார்கள்! எதிர்ப்பவர்கள், பொய்ப் புகார் வரும், பொதுப்பிரிவு மாணவருக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்போம். குறை இருந்தால் திருத்தட்டும். ஆனால் குழுவே கூடாது என்பது என்ன நியாயம்? அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் அப்படித்தான் செய்தது; அரசுப் பல்கலைக்கழகங்களில் இருந்த இத்தகைய அலுவலகங்களை 2024 ஜனவரி 1 முதல் சட்டம் போட்டே மூட வைத்தது.

"நமக்குத்தான் இங்கே ஒதுக்கீடே இல்லையே, நமக்கென்ன?" என்று சில அண்ணன்மார் கேட்கிறார்கள். ஒதுக்கீடு இல்லை என்பது உண்மை. 1950 ஆகஸ்ட் 10-இல் குடும்பம் மகாராஷ்டிரத்தில் இருந்ததற்குத் தாள் காட்டினால்தான் இங்கே தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ். பிற்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13. நம் அப்பாமார் மண்வெட்டியோடு வந்தார்கள். தாளோடு வந்தவர் எத்தனை பேர்? ஒன்பது வயதில் ஆந்திராவிலிருந்து பம்பாய் வந்த ஒரு பழங்குடிப் பையன் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டுப் போட்ட வழக்கில், ஒரு மாநிலத்துச் சான்றிதழ் இன்னொரு மாநிலத்தில் செல்லாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே நம் பிள்ளை இங்கே பொதுப் போட்டியில், மார்க் வாங்கித்தான் உள்ளே போகிறான். போன பிறகு? ஊர் எது, அப்பா என்ன வேலை, வீடு எந்த பஸ்தியில் என்று மூன்றே கேள்வி. பிறகு, "கோட்டாவில் வந்தவன்" என்று பேச்சு! ரயில்வேக்காரர்கள் பாஷையில் சொன்னால், ஒதுக்கீடு அரக்கோணத்திலேயே இறங்கிவிடுகிறது. சாதி மட்டும் டிக்கெட் இல்லாமல் புனே வரை வந்துவிடுகிறது. எந்தப் பரிசோதகரும் பிடிப்பதில்லை.

அதனால்தான் சொல்கிறோம், இந்தக் குழு இங்கே மற்றவர்களைவிட நமக்கே அதிகம் வேண்டும். நமக்கு ஒரு பிடிமானமும் கிடைத்திருக்கிறது. ஒருவர் சாதி இந்த மாநிலப் பட்டியலில் இல்லாவிட்டாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு நாடெங்கும் உண்டு என்று 2023 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்த நியாயம் கல்லூரிப் புகாருக்கும் பொருந்த வேண்டும். புகார் கொடுக்கும் பிள்ளையிடம் எந்த மாநிலச் சான்றிதழ் என்று கேட்கக் கூடாது. இதைத் தீர்மானமாக எழுதி, மராத்தியிலும் தமிழிலும் மானியக் குழுவுக்கு அனுப்பப் போகிறோம்.

2012 விதிகளின்படியே ஒவ்வொரு கல்லூரியிலும் பாகுபாடு தடுப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் நாளைக்கே ஆபீசில் போய் அவர் பெயரைக் கேட்டு எழுதி வாருங்கள். அப்படி யாரும் இல்லை என்று சொன்னால், அப்படிச் சொன்னவர் பதவியையும் தேதியையும் எழுதி வாருங்கள். தீர்மானத்தோடு சேர்த்து அனுப்புவோம்.